முதல் தண்ணீர்

மதர் போர்டு கிலோ இன்றைக்கு என்ன விலை,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
நெல் மூட்டை விலை தெரியாது.
அது அக்காளின் கணக்கு, கடைமடையில்.

தாய் என்று பேர் வைத்ததைத்
திருப்புளியால் நெம்பி எடுப்பது என் வேலை.
மன்னார்குடியில், நஜ்முதீன் கடைத் தகரக் கொட்டகையில்
பாமணியாற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால்
மத்தியானத்துக்குள் நாற்பது செட்டாப் பாக்ஸ்.

அரசு கொடுத்த டிவி
ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் குங்குமம்
அழியாத நெற்றியோடு வருகிறது.
ஒரு லேப்டாப் மூடியில் ஸ்கெட்ச் பேனா எழுத்து:
‘சுகப்பிரியாவுடையது. தொட்டால் கை இருக்காது.’
தொட்டேன்.
கை இருக்கிறது, விரல் நுனியில் ரேகைதான் இல்லை.
ரேஷன் கடை மெஷின்
நான் யாரென்று மூன்று தரம் கேட்கிறது.

தேறுகிற பாகம் மூட்டை கட்டி லாரி ஏறும்.
வடக்கே எங்கேயோ பெரிய கம்பெனியாம்,
கையுறையாம், மூடின அறையாம்,
புகைக்குக்கூடத் தனிக் குழாயாம்.
தேறாததற்கு லாரி இல்லை.
உரிக்க முடியாத மெல்லிய ஒயரை
ராத்திரியில் ஆற்றுக்குள் இறக்கிக் கொளுத்துவோம்.
மாசியிலிருந்து வைகாசி வரை
ஆறு என்பது மணல் போட்ட ஒரு தெரு.
செம்பு பச்சையாக எரியும்.
நட்டு முடித்த வயல் மாதிரி இருக்கு என்றேன்.
வீரையன் சிரித்தான்,
இருமிக்கொண்டே சிரித்தான்.

சாம்பலா? தண்ணி வந்தா போயிடும் என்பான்.
எங்கே போகும் என்று
எட்டு வருஷமாய் நானும் கேட்டதில்லை.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார்.
மின்கழிவை உரிய இடத்தில் ஒப்படைப்பீர் என்று
பலகை ஒன்று மாட்டினார்.
உரிய இடம் எது சார்?
பலகையைத் தானும் ஒருமுறை படித்துப் பார்த்தார்.
கிளம்பும்போது,
ஆபீசில் ரெண்டு பிரிண்டர் கிடக்கு,
என்ன விலை போடுவீங்க என்றார்.

மேட்டூர் திறந்த அன்று அக்கா போன் பண்ணினாள்.
நகை வச்சாச்சு, விதை வாங்கியாச்சு.
தண்ணி உங்க ஊரைத் தாண்டினா சொல்லு.

உங்க ஊரைத் தாண்டினா.

கூடையும் மண்வெட்டியுமாய் மூன்று ராத்திரி இறங்கினேன்.
சாம்பல் மேலாக இல்லை.
முழங்கை ஆழம் மணலோடு கறுத்துக் கிடந்தது,
ஈயக் குண்டுமணிகள், உருகிய பிளாஸ்டிக்,
எந்த எண் என்று தெரியாத ரிமோட் பட்டன்கள்.
யூரியா சாக்கில் பதினொன்று சேர்ந்தது.
பன்னிரண்டாவதை விரித்துப் பிடித்தபோது
வந்துவிட்டது.

சத்தமில்லாமல்தான் வந்தது,
மோப்பம் பிடிக்கும் நாய்போல
பள்ளம் பள்ளமாய் நக்கிக்கொண்டு,
செருப்பும் தேங்காய் மட்டையும் நுரையுமாய்.
என் குழிக்குள் இறங்கிச் சற்று நின்றது.
கறுத்தது.
பிறகு எழுந்து நடந்தது.
பாலத்தின் மேலிருந்து பூவும் நெல்லும் தூவினார்கள்.
ஒரு பிடி நெல் என் தலையில் விழுந்தது.

ஐந்தாம் நாள் அக்கா.
பேசவில்லை.
போனை வாய்க்காலுக்குக் கிட்டே பிடித்திருக்கிறாள்.
கேக்குதா? கேக்குதாடி?
கேக்குதுக்கா.

முதல் தண்ணியை வயலில் ஏற்றாதே, வடிய விடு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவளுக்கு அப்புறம் கடல்தான்.
போன வருஷம் அவள் வாய்க்காலுக்கு
முதல் தண்ணியே கடைசித் தண்ணி.
சார்ஜ் தீரப்போகுது என்று வைத்துவிட்டாள்.

பலகைக்குக் கீழே பதினோரு சாக்கும்
வாய் கட்டி நிற்கின்றன.
மழைக்கு முன்னால் எங்காவது கொண்டுபோக வேண்டும்.
அவற்றின் மேல் சாய்ந்து நின்று
கரை தொட்டு ஓடும் ஆற்றைப் பார்த்தபடி
வீரையன் கேட்கிறான்:
இன்னிக்கி ஒயரை எங்கே கொளுத்துறது?